டெனாலிக்கு பஸ் ஏறும் தங்கச்சிக்கு

நேற்று ராத்திரி நீ போனில், "அக்கா, அலாஸ்கா டிக்கெட் போட்டாச்சு. டெனாலியில ஒரு நாள் பஸ் டூர். என்ன எடுத்துக்கிட்டுப் போகணும், சொல்லு" என்று கேட்டபோது அடுப்பில் ரசம் பொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் "ஸ்வெட்டர், ஷூ" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது போதாது. போன ஜூலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், பாதியைத் தப்பாகச் செய்து, மீதியைப் பக்கத்து சீட்டுக்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தவள் நான். நீ கூட்டிப்போவதோ மாமியார், மாமனார், ஐந்து வயதுப் பையன். அதனால் எழுதியே அனுப்புகிறேன். பொறுமையாகப் படி.

அம்மா பயணத்தின் கடைசி நாள் வரைக்கும் "தெனாலிராமன் மலை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தான், கமல் படத்துத் தெனாலி மாதிரி, கண்டதுக்கெல்லாம் பயந்துகொண்டு வந்தார். கரடிக்குப் பயம், கொசுவுக்குப் பயம், தடுப்புச் சுவர் இல்லாத ரோட்டுக்குப் பயம். உண்மையில் டெனாலி என்பது அந்த மண்ணின் கொயுகான் அத்தபாஸ்கன் மக்கள் வைத்த பெயர். உயர்ந்தது, நெடியது என்று பொருள். 6,190 மீட்டர், வட அமெரிக்காவிலேயே உயரமான மலை. 1896இல் தங்கம் தேடிப்போன ஒருவர் அரசியல்வாதி மெக்கின்லியின் பெயரை ஒட்டவைத்தார். 1917இல் அது அரசுப் பெயராகவும் ஆனது. 2015இல் டெனாலி என்று மாற்றினார்கள், 2025இல் மறுபடி மெக்கின்லி ஆக்கிவிட்டார்கள். பூங்காவின் பெயர் மட்டும் டெனாலியாகவே இருக்கிறது. மேப்பில் ஒன்று, போர்டில் ஒன்று என்று பார்த்துக் குழம்பாதே. இரண்டும் ஒரே மலைதான்.

ஒன்றை மட்டும் முதலில் மனசில் வை. அன்றைக்கு நமக்கு இருக்கிற ஒரே வேலை ஜன்னல் வழியாகப் பார்ப்பது. பசி, குளிர், குமட்டல், பாத்ரூம் அவசரம், இதில் எது வந்தாலும் கண் வேலை செய்யாது. நான் சொல்லப்போகிற அத்தனையும் அந்த நாலையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதற்கான வழிதான்.

எந்த பஸ் என்று பார்

அந்தப் பூங்காவுக்குள் ஒரே ஒரு ரோடு. மொத்தம் 92 மைல். நம் காரில் முதல் 15 மைல், அதாவது சாவேஜ் ஆறு வரைக்கும்தான் போகலாம். தாரும் அங்கேயே முடிந்துவிடும். அதற்கு மேல் சரளைக்கல் ரோடு, பஸ் மட்டும். 1972இல் இருந்தே இந்த ஏற்பாடு. ஆங்கரேஜையும் ஃபேர்பேங்க்ஸையும் இணைக்கும் நெடுஞ்சாலை அப்போதுதான் திறந்தது. கார்கள் கூட்டமாக வந்து குவிந்தால் மிருகங்கள் ரோட்டோரத்தை விட்டே போய்விடும் என்று முன்கூட்டியே யோசித்துச் செய்திருக்கிறார்கள். அந்தப் புண்ணியவான்களால்தான் இன்றைக்கும் அந்த ரோட்டில் கரடி சாவகாசமாகக் குறுக்கே நடக்கிறது.

பஸ்ஸில் இரண்டு வகை. வெளிர் பழுப்பு நிற பஸ் என்றால் டூர். டிரைவரே கைடு, ஓட்டிக்கொண்டே கதை சொல்லுவார். ஏறிய பஸ்ஸிலேயே போய் அதே பஸ்ஸில் திரும்ப வேண்டும். பச்சை பஸ் என்றால் டிரான்சிட். விலை குறைவு, விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் டிரைவருக்கு இல்லை (நல்ல மனசுக்காரர் சொல்லுவார்). பிடித்த இடத்தில் இறங்கி நடந்துவிட்டு, அடுத்து வரும் பச்சை பஸ்ஸில் இடம் இருந்தால் ஏறிக்கொள்ளலாம். நீயும் உன் வீட்டுக்காரரும் மட்டும் போனால் பச்சையில் போ என்று அடித்துச் சொல்லுவேன். மாமியார், மாமனார், சின்னவன் என்று போகும்போது பழுப்புதான் சரி. இடம் கிடைக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டு, வயசானவர்களை வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் நிற்க முடியாது. உனக்கு வந்த மெயிலைத் திறந்து எது என்று பார். எந்த இடத்தில் ஏற வேண்டும் என்பதையும் பார். நான் அதைப் பார்க்காமல் தப்பான வாசலில் போய் நின்று, அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். அரை மணி நேரம் முன்னாடியே போய்விடு.

எது வரைக்கும் போகிறது என்பதையும் கேட்டுக்கொள். 2021 ஆகஸ்டில் இருந்து ரோடு பாதியில் நிற்கிறது. 45ஆவது மைல் பக்கத்தில் பிரிட்டி ராக்ஸ் என்று ஓர் இடம். பெயர்தான் அழகு. அங்கே மலைச்சரிவு ரோட்டோடு சேர்ந்து கீழே நகர்ந்துகொண்டே இருக்கிறது. மண்ணுக்கு அடியில் வருஷக்கணக்காக உருகாமல் கிடந்த பனி, சூடு ஏற ஏற இளகிவிட்டது. கீழே பனி இளகினால் மேலே இருக்கிற கல்லும் மண்ணும் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? வருஷத்துக்குச் சில அங்குலம் என்று இருந்த நகர்வு, கடைசியில் மணிக்கு அரை அங்குலத்துக்கும் மேல் போய்விட்டது. சரளை கொட்டிக் கொட்டிப் பார்த்துவிட்டு, பாலம்தான் வழி என்று கட்ட ஆரம்பித்தார்கள். நான் போனபோது பஸ் 43ஆவது மைலில், ஈஸ்ட் ஃபோர்க் ஆற்றுப் பாலத்தோடு திரும்பியது. பாலம் திறந்துவிட்டால் பயணம் நீளும், வயசானவர்களுக்கு அது வேறு கணக்கு. எங்களுக்குப் போக வர ஐந்தரை மணி நேரம் ஆனது. மாமனாருக்கு முதுகுவலி உண்டென்று சொன்னாயே, ஒரு சின்னத் தலையணை எடுத்துக்கொள். அந்த பஸ்ஸெல்லாம் ஸ்கூல் பஸ் வம்சம். நம்மூர் ஏசி ஸ்லீப்பரை நினைத்துக்கொண்டு போகாதே.

இன்னொன்று, சின்னவனுக்கு. அந்த மாநிலச் சட்டம் பஸ்ஸுக்குள்ளும் குழந்தைக்கு அதற்கான சீட் கேட்கிறது. அவன் உயரம், எடைக்கு எது வேண்டும், நீயே கொண்டுபோக வேண்டுமா, அங்கே இரவல் கிடைக்குமா என்று இப்போதே போன் போட்டுக் கேள். அன்றைக்குக் காலையில் போய் நின்று கேட்டால் தலைவலி.

சாப்பாட்டு மூட்டை

வாசலைத் தாண்டினால் உள்ளே ஒரு டீக்கடை கிடையாது. பிஸ்கட் கூட வாங்க முடியாது. டூர் பஸ்ஸில் ஒரு சின்னப் பெட்டியில் நொறுக்குத் தீனியும் தண்ணீரும் தருகிறார்கள். அது ஆசைக்குத்தான், பசிக்கு இல்லை. உன் மாமியார் சுத்த சைவம் வேறு. பெட்டியில் இருக்கிறதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆப்பிளை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை உன்னிடம் நீட்டுவார், பார்.

நான் முதல் நாள் ராத்திரி ரூமிலேயே குட்டி எலெக்ட்ரிக் குக்கரில் சாதம் வைத்துப் புளியோதரை கிளறினேன். பெருமையாகத்தான் இருந்தது, பஸ்ஸில் டப்பாவைத் திறக்கிற வரைக்கும். பெருங்காயமும் நல்லெண்ணெயும் சேர்ந்து அந்த மூடின பஸ்ஸில் ஒரு வாசனை கிளம்பியது பார், முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பி எங்களையும் டப்பாவையும் பார்த்தார். அம்மா கூசாமல் ஒரு ஸ்பூன் நீட்டினாள். அவரும் வாங்கிச் சாப்பிட்டு இன்னொரு ஸ்பூன் கேட்டார். எல்லா பஸ்ஸிலும் அப்படி ஒருத்தர் வாய்ப்பார் என்று சொல்ல முடியாது. சப்பாத்திக்குள் உருளைக்கிழங்குப் பொரியலோ வெறும் ஜாமோ வைத்துச் சுருட்டி, அலுமினியத் தாளில் தனித்தனியாகக் கட்டிக்கொள். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் பைனாகுலரைப் பிடிக்கலாம். கடலை உருண்டை, முறுக்கு, வாழைப்பழம் போதும். தயிர் சாதம் வேண்டாம், அந்த ரோட்டில் குலுங்கும்.

சாப்பாட்டை பஸ்ஸை விட்டு வெளியே கொண்டுபோகாதே. ஒரு பருக்கைகூடக் கீழே விழக்கூடாது. மனுஷன் சாப்பாட்டை ஒரு தடவை ருசி பார்த்த கரடி திரும்பத் திரும்ப வரும். கடைசியில் அதைச் சுட வேண்டிய நிலைமை வந்துவிடும். சின்னவன் அணிலுக்கு முறுக்கு போடுகிறேன் என்று கிளம்புவான், பிடித்துக்கொள்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு பாட்டில். காபி விஷயத்தில் என் பேச்சைக் கேள். நான் அன்றைக்குக் குளிருக்கு இதமாக இரண்டு பெரிய கப் குடித்துவிட்டு ஏறினேன். பிறகு முதல் நிறுத்தம் வரும் வரைக்கும் எனக்குக் கரடியும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை, கையில் இருந்த கடிகாரம்தான் தெரிந்தது. பஸ் கிளம்புகிற இடத்தில் நல்ல பாத்ரூம் உண்டு. "இப்ப வரலை" என்று யார் சொன்னாலும் விடாதே, அனுப்பிவிட்டே ஏற்று. அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒரு தடவை நிறுத்துவார்கள். 30ஆவது மைலில் டெக்லானிக்கா ஆற்றுப் பக்கத்தில் ஒரு பெரிய நிறுத்தம் இருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் குழிக் கழிப்பறை. சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீர்க் குழாய் கிடையாது. மாமியாருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடு. ஒரு சின்ன பாட்டில் தண்ணீரை அதற்கென்றே தனியாக, துணிப்பையில் போட்டு அவர் கையில் கொடு. கை துடைக்க சானிடைசரும் டிஷ்யூவும் வை. இதைப் பற்றி எந்த டூர் புத்தகமும் எழுதாது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அன்றைய நாளின் நிம்மதியே இதில்தான் இருக்கிறது.

உடுப்பு

ஜூலை என்றால் உங்கள் டல்லாஸில் தோசைக்கல் சூடு. அங்கே காலையில் 8 டிகிரி, மத்தியானம் 18 டிகிரி, நடுவில் தூறல் என்று ஒரே நாளில் மூன்று ஊர் பார்க்கலாம். கோடையிலும் பனி தூவுகிற நாள் உண்டு. அதைவிட முக்கியம், பஸ் ஜன்னல். மிருகம் தென்பட்டதும் எல்லாரும் போட்டோ எடுக்க ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிடுவார்கள். நாற்பது ஜன்னல் குளிர்காற்று ஒரே சமயத்தில் முகத்தில் அறையும். அதனால் ஒரே தடிமன் கோட்டாக வேண்டாம். உள்ளே ஒட்டின மாதிரி தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு. போடவும் கழற்றவும் வசதியாக இருக்க வேண்டும். அம்மா சேலைதான் கட்டுவேன் என்று அடம்பிடித்தாள். சரி என்று உள்ளே தெர்மல் பேன்ட், கீழே சாக்ஸ், ஷூ, தலையில் மங்கி குல்லா என்று கிளப்பினேன். அந்தக் கோலத்தில் ஆற்றங்கரையில் நிற்கிற போட்டோதான் இப்போதும் நம் குடும்ப வாட்ஸப்பின் முகப்புப் படம். குளிரே தெரியவில்லை என்றாள். மாமியாருக்கும் அதுதான் வழி, பேன்ட் போடச் சொல்லிச் சண்டை பிடிக்காதே.

ஜூன், ஜூலையில் கொசு. நம்மூர்க் கொசு திருடன் மாதிரி வரும். அது ஊர்வலமாக வரும். மருந்து தடவிக்கொள். முகத்தை மூடும் வலை ஒன்று சில டாலருக்குக் கிடைக்கிறது, சின்னவனுக்காவது வாங்கு. கண்ணுக்கு ஒரு துணிப்பட்டை வேண்டும், அது ராத்திரிக்கு. ஜூனில் இருபது மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். ராத்திரி பதினோரு மணிக்கு மாமனார் "இன்னும் சாயங்காலமே ஆகலையே" என்று வாக்கிங் கிளம்புவார்.

குமட்டல் ஆளுக்கு ஆள் மாறும். சரளை ரோடு, வளைவு, நின்று நின்று கிளம்புகிற பஸ். இஞ்சி மரப்பா எடுத்துக்கொள், ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள். மாத்திரைக்காரர்கள் கிளம்பும் முன்னாடியே போட்டுக்கொள்ள வேண்டும். வளைவில் போய்த் தேடக் கூடாது. வயசானவர்களை முன் சீட்டில் உட்கார வை.

எந்தப் பக்கம் என்று கேட்பாய். ரோடு மேற்கே போகிறது, மலை தெற்குப் பக்கம். ஆகவே போகும்போது இடது பக்கம் உசத்தி. ஆனால் திரும்பும்போது அந்தக் காட்சி வலது பக்கத்துக்காரர்களுக்குப் போய்விடும். இதற்காக யாரோடும் இடிபட வேண்டாம். மிருகம் பக்கம் பார்த்து வருவதில்லை. பள்ளத்தைப் பார்த்தால் தலை சுற்றும் என்பவர்களை மட்டும் போகும்போது வலது பக்கம், மலையை ஒட்டி உட்கார வை. அத்தான் அங்கேதான் உட்கார்ந்தார், கண்ணை மூடிக்கொண்டு.

பார்ப்பது எப்படி

இதைத்தான் நிறைய எழுத நினைத்தேன். நாம் மிருகக்காட்சி சாலை பார்த்துப் பழகினவர்கள். கூண்டு வரும், உள்ளே மிருகம் இருக்கும், போர்டு இருக்கும். அங்கே அப்படி இல்லை. முதல் ஒரு மணி நேரம் ஸ்ப்ரூஸ் மரக்காடு மட்டும்தான். அதிலும் சில மரங்கள் குடித்துவிட்டு நிற்கிற மாதிரி இப்படியும் அப்படியும் சாய்ந்து நிற்கும். அடியில் பனி இளகினதால் வேர் பிடிமானம் இழந்து சாய்கிறவை அவை. அந்த ஊர்க்காரர்களே குடிகாரக் காடு என்றுதான் சொல்லுகிறார்கள். அதைத் தாண்டி மேலே ஏறினால் மரமே இல்லாத டுண்ட்ரா, முழங்கால் உயரப் புதர், கண்ணுக்கு எட்டின தூரம் வெட்டவெளி. அவ்வளவு பெரிய வெளியில் ஒரு மிருகம் ஒரு கடுகு மாதிரி இருக்கும். பெரிய உருவத்தைத் தேடினால் ஒன்றுமே கிடைக்காது. நிறம் தப்பான புள்ளியைத் தேடு.

மலை உச்சியில் வெள்ளைப் புள்ளி, அதுவும் நாலைந்து சேர்ந்து இருந்தால், டால் ஆடு. வருஷம் முழுக்க வெள்ளைதான். இந்தப் பூங்காவே அந்த ஆட்டுக்காக வந்தது, தெரியுமா? சார்லஸ் ஷெல்டன் என்பவர் 1906இல் இந்த ஆட்டைப் பற்றி ஆராய அங்கே போனார். இறைச்சி வியாபாரத்துக்காக மந்தை மந்தையாகச் சுடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, இந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பல வருஷம் போராடினார். 1917இல் பூங்கா பிறந்தது. 34, 35ஆவது மைல் பக்கம் இக்லூ மலை வரும்போது அண்ணாந்து பார்.

காய்ந்த வைக்கோல் நிறத்தில் ஒரு பாறை இருந்து, நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் இடம் மாறினால், கரடி. அந்தப் பக்கத்து கிரிஸ்லி கறுப்பும் இல்லை, நல்ல பழுப்பும் இல்லை, வெளுத்த மஞ்சள். கடலோரக் கரடிகளைப் போல அவ்வளவு பெரிதும் இல்லை. கடலோரத்தில் சால்மன் மீன் கொழுத்துக் கிடக்கிறது. இங்கே கிழங்கு, புல், பெர்ரிப்பழம், கிடைத்தால் ஒரு நில அணில், அவ்வளவுதான். நாங்கள் சேபிள் பாஸ் என்கிற கணவாயில், 39ஆவது மைலில் பார்த்தோம். ஒரு தாயும் இரண்டு குட்டியும் குனிந்த தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன, மாடு மாதிரி. அந்த இடத்தில் ரோட்டை விட்டு இறங்கி நடக்க யாருக்கும் அனுமதி கிடையாது, கரடிக்காக ஒதுக்கிவிட்டார்கள். மற்ற இடங்களிலும் கரடிக்கு 300 கெஜம் தள்ளித்தான் நிற்க வேண்டும்.

நில அணிலைக் கேவலமாக நினைத்துவிடாதே. அதைப் பார்த்தபோது பஸ்ஸில் யாரும் கேமராவைத் தூக்கவில்லை. ஆனால் குளிர்காலத் தூக்கத்தில் அதன் உடம்புச் சூடு பூஜ்ஜியத்துக்கும் கீழே, மைனஸ் 3 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இறங்குமாம். ரத்தம் உறையாமல் எட்டு மாசம் கிடந்துவிட்டு எழுந்து வருகிறது. டிரைவர் அதைச் சொன்ன பிறகு அம்மா கரடியை விட்டுவிட்டு அணிலைத்தான் தேடினாள்.

மூஸ் என்கிற பெரிய மான் பார்க்க அசட்டுக் கழுதை மாதிரி இருக்கும், அதை நம்பாதே. கிட்டே போனால் உதைத்தே கொன்றுவிடும். கேரிபூ என்கிற மானில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. ஓநாய் தென்பட்டால் உன் அதிர்ஷ்டம், எங்களுக்கு இல்லை.

மிருகத்தைப் பார்த்ததும் "ஸ்டாப்!" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வெட்கப்படாதே. டிரைவர் ஓட்டுவாரா, நாற்பது பேருக்கும் சேர்த்துத் தேடுவாரா? எங்கே என்பதைக் கடிகாரக் கணக்கில் சொல்லு. பஸ்ஸின் மூக்கு 12 மணி, வலது கை 3, பின்னாடி 6, இடது கை 9. "அதோ அந்தப் புதருக்குப் பக்கத்துல, இல்லை, அதுக்கு அந்தாண்ட" என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது கேரிபூ மேட்டைத் தாண்டியே போய்விட்டது. சின்னவனுக்கு இந்த மணிக்கணக்கை வீட்டில் வைத்தே பழக்கு, விளையாட்டாகக் கற்றுக்கொள்வான். கல்லைப் பார்த்துக் கரடி என்று நிறுத்தச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் இரண்டு தடவை நிறுத்தினேன், இரண்டு தடவையும் கல்தான்.

பஸ் நின்றதும் வாயை மூட வேண்டும். இது நம் ஆட்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். "பாரு பாரு, அங்க பாரு" என்று நம் வீட்டில் ஆரம்பித்தால் நிற்காது. மிருகம் கிட்டே இருக்கும்போது கிசுகிசுப்பு மட்டும். கை, தலை ஜன்னலுக்கு வெளியே போகக் கூடாது.

பைனாகுலர் ஆளுக்கு ஒன்று. இரண்டு பேருக்கு ஒன்று என்று வைத்தால், "கொஞ்சம் குடு, கொஞ்சம் குடு" என்று கரடி முன்னாடி சண்டை வரும். விலை கூடினது வேண்டாம். எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும், பத்துக்கு மேல் போனால் கை நடுங்கி எதுவுமே நிற்காது. வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று நாலு நாள் ஃபோகஸ் பண்ணிப் பழகச் சொல்லு. போன் கேமராவை நம்பாதே. என் போனில் பதினேழு கரடிப் படம் இருக்கிறது. எது கரடி என்று எனக்கே தெரியவில்லை. டூர் பஸ்ஸில் டிரைவரிடம் ஒரு கேமரா இருக்கும். தூரத்து மிருகத்தைப் பெரிதாக்கி மேலே இருக்கிற சின்ன டிவியில் காட்டுவார். கண்புரை ஆபரேஷன் பண்ணின மாமனாருக்கு அது பெரிய உபகாரம்.

மலை தெரியுமா?

தெரியாமல் போகலாம். வருகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் தெரிகிறது என்பது அங்கே எல்லாரும் சொல்லுகிற கணக்கு. கடலில் இருந்து வருகிற ஈரக்காற்று அவ்வளவு உயரத்தில் முட்டி மேகமாகிவிடுகிறது. ஊரெல்லாம் வெயில் அடிக்கும்போதும் அது மட்டும் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும். வானம் தெளிவாக இருந்தால் 9ஆவது மைலிலேயே முதல் தரிசனம். எங்களுக்கு அங்கே வெறும் மேகம். திரும்பி வரும்போது ஒரு பத்து நிமிஷம், மேகத்துக்கு மேலே, நாங்கள் வானம் என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், வெள்ளையாக ஒரு தோள் தெரிந்தது. அவ்வளவு உயரத்தில் தேட வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. அம்மா செருப்பைக் கழற்றுகிற மாதிரி ஷூவைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். மாமியாரிடம் "மலை பார்க்கப் போகிறோம்" என்று சொல்லிக் கூட்டிப்போகாதே. "காடு பார்க்கப் போகிறோம்" என்று சொல்லு. தெரிந்தால் லாபம்.

டெக்லானிக்காவில் பஸ் நிற்கும்போது பாத்ரூமோடு நின்றுவிடாமல் ஆற்றைப் பார்க்க ஒரு ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள். சாம்பல் நிறத் தண்ணீர், பின்னல் பிரிந்த மாதிரி பத்துப் பதினைந்து கிளையாக ஓடும். பனியாறு அரைத்துத் தள்ளுகிற கல்மாவுதான் அந்த நிறம். காலேஜில் நீ அழுது அழுது பார்த்தாயே, இன்டு த வைல்ட் படம், அந்தப் பையன் கிறிஸ் மெக்கேண்ட்லெஸைத் திரும்பி வர விடாமல் நிறுத்திய ஆறு இதுதான். பூங்காவுக்கு வடக்கே, இதே ஆறு கீழே இறங்கிப் போகிற இடத்தில். 1992 ஏப்ரலில் சுலபமாகத் தாண்டிப் போனான். ஜூலையில் பனி உருகி வெள்ளமாக நின்றது. அவன் தங்கின பழைய பஸ், 142ஆம் நம்பர், காட்டுக்குள்ளேயே கிடந்தது. அதைப் பார்க்கப் போய்ச் சிலர் உயிரை விட்டார்கள். 2020 ஜூனில் ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். இப்போது ஃபேர்பேங்க்ஸ் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஆற்றின் ஓரத்துக்குச் சின்னவனை விடாதே என்பதற்காகவும் இதைச் சொன்னேன்.

சில்லறை விஷயங்கள்

உள்ளே போன கொஞ்ச நேரத்தில் போன் சிக்னல் போய்விடும். ஊரில் அப்பாவிடம் "அரை நாள் போன் எடுக்க மாட்டோம்" என்று முன்னாடியே சொல்லிவிடு, இல்லாவிட்டால் அவர் எனக்குப் போன் பண்ணிப் பிராணனை வாங்குவார். சின்னவனுக்கு வீடியோ போட்டுக் கொடுத்து உட்கார வைக்கலாம் என்று நினைக்காதே. ஒரு நோட்டும் கலர் பென்சிலும் கொடு, பார்த்ததை வரையட்டும். அவனுக்கு அலுப்புத் தட்டுவது நிச்சயம். அன்றைக்கு மத்தியானம் நாய்ப்பட்டிக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஆசை காட்டி வை. குளிர்காலத்தில் ரேஞ்சர்கள் பனிவண்டி இழுக்க இன்றைக்கும் நாய் வைத்திருக்கிற ஒரே அமெரிக்க தேசியப் பூங்கா அதுதான். கோடையில் இலவசமாக ஓட்டிக் காட்டுகிறார்கள். கிளம்பப்போகிறது என்று தெரிந்ததும் அந்த நாய்கள் போடுகிற குதியலைப் பார்த்தால், சின்னவன் பஸ்ஸில் அலுத்துக்கொண்டதை மறந்துவிடுவான்.

டிரைவருக்கு டிப்ஸ் கொடுக்கிற வழக்கம் உண்டு. சில்லறை நோட்டாக எடுத்து வைத்துக்கொள். அங்கே இறங்கின பிறகு நூறு டாலர் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்காதே. ரூம் பூங்கா வாசலில் கிடைக்கவில்லை என்றால் ஹீலி என்கிற ஊரில் பார், வடக்கே பதினோரு மைல்தான், விலையும் கொஞ்சம் இறங்கும். தேதி இன்னும் மாற்றலாம் என்றால் ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளப் பார். கொசு குறைந்திருக்கும், டுண்ட்ரா முழுக்கக் குங்குமச் சிவப்பாக மாறும், காட்டு புளூபெர்ரி பழுத்திருக்கும், கரடிகள் பெர்ரி தின்ன வெளியே வரும். செப்டம்பர் நடுவில் பஸ் நின்றுவிடும், அதற்குள் போய்விட வேண்டும். சின்னவனுக்கு ஸ்கூல் திறந்துவிடும் என்பாய். ஒரு வாரம் லீவு போட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஆங்கரேஜ் போகிற வழியில் சியாட்டிலில்தான் விமானம் மாறுகிறீர்கள், நடுவில் மூன்று மணி நேரம் இருக்கிறது என்றாய். ஏர்போர்ட்டுக்கு வந்துவிடுகிறேன், ஒரு எட்டு வெளியே வா. அம்மாவின் மங்கி குல்லாவைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன், இரண்டு பைனாகுலரும் தருகிறேன். இஞ்சி மரப்பா மட்டும் நீ வாங்கிக்கொள், இங்கே தீர்ந்துவிட்டது.